மாட்டுக்கு வெறிநோய் சந்தேகமா? எந்தச் சோதனை, எந்த மாதிரி: ராமநாதபுரம் கரைக்கு ஓர் ஒப்பீடு

எச்சில் நூலாக ஒழுகுகிறது. குரல் கம்மிப்போய், அடித்தொண்டையில் இருந்து விடாமல் கத்துகிறது. பின்னங்கால் தள்ளாடுகிறது, சாணி போட முக்கிக்கொண்டே நிற்கிறது, பால் திடீரென்று வற்றிவிட்டது. இப்படி ஒரு மாடு நாலைந்து நாளில் விழுந்து செத்துப்போனால், தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் வருகிற முதல் சந்தேகம் வெறிநாய்க்கடிதான். கடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நம் பக்கத்து மாடுகள் பகலெல்லாம் கருவேலங்காட்டுக்குள் அவிழ்த்து விட்டபடி மேய்கின்றன. கருவாடு காயப்போடும் இடங்களைச் சுற்றித் தெருநாய்களுக்குப் பஞ்சமில்லை. கடிபட்ட நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் நடுவில் பல வாரங்கள், சில சமயம் மாதங்களே ஓடிவிடும். அதற்குள் காயம் ஆறி, தழும்பும் தெரியாமல் போயிருக்கும்.

சந்தேகம் வந்த பிறகு வீட்டுக்காரர் முன்னால் இருப்பவை மூன்று முடிவுகள். சோதிப்பதா, புதைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா? சோதித்தால் எந்தச் சோதனை? எதை எடுத்து, எப்படி அனுப்புவது? எல்லோரும் இரண்டாவதையே அதிகம் பேசுகிறார்கள். ஆனால் மூன்றாவதுதான் இரண்டாவதைத் தீர்மானிக்கிறது. மாடு செத்து எத்தனை மணி நேரத்தில் அதன் மூளை ஐஸுக்குள் போனது என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சோதனை நமக்குப் பதில் சொல்லும் என்பது இருக்கிறது.

முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: மாட்டின் எச்சில் ஒருவர் மேலாவது பட்டிருந்தால் சோதிக்க வேண்டும். செத்த மாட்டுக்கு அந்த முடிவால் ஒரு பயனும் இல்லை, பயனெல்லாம் மனிதர்களுக்குத்தான். வெறிநோய் வந்த மாடு முழுங்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்கள் 'தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு' என்று கையை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். வீட்டுக்காரர் விடுவார், பக்கத்து வீட்டு அண்ணன் விடுவார், சில நேரம் மருந்து ஊட்ட வந்தவரும் விடுவார். மாட்டின் பல்லோ தீவனத் தட்டையோ கீறிய கையில் அந்த எச்சில் பட்டால் அது கடிக்குச் சமம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வக முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. கீறல், புண், கண், வாய் ஆகியவற்றில் எச்சில் பட்டிருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே தடுக்கும் மருந்தும் உண்டு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்னமும் பயமுறுத்துவார்கள். ஆட்டு மூளையில் இருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தப் பயத்தில் யாரும் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. மூளை மாதிரியை நல்ல ஆய்வகம் பார்த்து நோய் இல்லை என்று உறுதி செய்தால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் அப்போது பார்த்துக்கொள்வார். வீணாகும் ஊசி இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான் நஷ்டம்.

சரி, மாடு இன்னும் உயிரோடு இருக்கிறது, இப்போதே ரத்தத்தை எடுத்து அனுப்பலாமே என்று கேட்பார்கள். வெறிநோய்க்காக என்றால் வேண்டாம். இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றாது. கடித்த இடத்தில் இருந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் நோய் முற்றும் வரை ரத்தத்தில் தெரியாமலே இருக்கலாம். எச்சிலில் வைரஸ் வரும், ஆனால் விட்டு விட்டு வரும். இன்றைக்கு எடுத்த எச்சிலில் இல்லை என்றால் நாளைக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. உயிருள்ள மாட்டில் எடுக்கும் எந்தச் சோதனையும் வெறிநோய் இல்லை என்று நமக்கு உறுதி தராது.

ஆனால் வேறு காரணத்துக்காக அதே ரத்தத்தை எடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். தள்ளாட்டமும் எச்சிலும் வெறிநோய்க்கு மட்டும் சொந்தமில்லை. உண்ணி பரப்பும் தைலேரியா, பபீசியா, ஈ பரப்பும் சர்ரா ஆகிய ரத்த ஒட்டுண்ணி நோய்கள் எல்லாமே மூளையைத் தாக்கியதுபோல ஆட்டம் காட்டும். இவற்றை ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தே பிடிக்கலாம். கன்று போட்ட மாட்டுக்கு வரும் கீட்டோசிஸ் சிறுநீர் சோதனையில் தெரியும். வைட்டமின் பி1 குறைவால் வருகிற மூளை வீக்கம் ஊசி போட்டால் தெளியும். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்திலும் பழைய பேட்டரி கிடக்கும் குப்பையிலும் வாய் வைத்த மாட்டுக்கு ஈய விஷம் ஏறியிருக்கலாம். பார்வை போய்ச் சுவரில் முட்டுவது அதில் அடிக்கடி வரும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. ஆகவே மாடு உயிரோடு இருக்கும்வரை 1962க்குப் போன் போட்டு நடமாடும் கால்நடை வண்டியை வரவழைத்து இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வாயில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இனி மாடு செத்த பிறகு மூளையில் செய்யும் சோதனைகள்.

பழைய முறையில் மூளைத் துண்டைத் தகட்டில் ஒற்றி, செல்லர்ஸ் சாயம் போட்டு, வெறிநோய் வந்த மூளைச் செல்லுக்குள் உண்டாகும் நெக்ரி துகள்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். இத்தாலிக்காரரான அடெல்கி நெக்ரி அந்தத் துகள்களைக் கண்டது 1903ல். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்தக் கல்லூரிக்கு எத்தனை வயதோ அத்தனை வயது இந்த முறைக்கும். மலிவானது, சீக்கிரம் முடியும், மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். ஆனால் நோய் வந்த விலங்குகளில் கணிசமானவற்றில் இந்தத் துகள்கள் தெரிவதே இல்லை. போதாக்குறைக்கு, நாயில் ஹிப்போகேம்பஸ் பகுதியில் தேடிப் பழகிய கண், மாட்டில் சிறுமூளையின் புர்கின்ஜி செல்களில் தேட வேண்டும். உலக விலங்கு சுகாதார அமைப்பு இந்த முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை. துகள் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் நாம் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம். எலிக்குஞ்சின் மூளையில் ஊசி போட்டு 28 நாள் வரை காத்திருந்து பார்க்கும் முறையும் ஒரு காலத்தில் இருந்தது. எச்சில் பட்டவருக்கு 28ஆம் நாள் கடைசி ஊசியே முடிந்திருக்கும், அதனால் அதை விட்டுவிடலாம்.

இன்று முதலில் கேட்க வேண்டியது ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை. ஆய்வகத்தில் எஃப்.ஏ.டி. என்பார்கள். 1958ல் வந்த முறை. மூளைத்தண்டையும் சிறுமூளையையும் தகட்டில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் ஊறவைத்து, ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை மேலே விடுவார்கள். வைரஸ் இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு, அதற்கென்று உள்ள மைக்ராஸ்கோப்பில் ஆப்பிள் பச்சையில் மின்னும். மாதிரி ஆய்வகத்துக்குள் போன அன்றோ மறுநாளோ பதில் சொல்லிவிடலாம். நல்ல மாதிரியாக இருந்தால், தேர்ந்த கைகளில் நூற்றுக்கு 95க்கு மேல் சரியாகச் சொல்லும்.

நல்ல மாதிரி என்ற அந்த நிபந்தனையில்தான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. மூளை மீன் மாதிரிதான்: காலையில் கரையேறியதை மத்தியானம் வரை ஐஸ் இல்லாமல் மணலில் போட்டால் என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சித்திரை வெயிலில் ஒரு பகல் கிடந்த மாட்டின் மண்டைக்குள் மூளை கூழாகிவிடும். அந்தக் கூழில் பச்சை மின்னினால் அதை நம்பலாம். மின்னாவிட்டால் நம்பக் கூடாது. அழுகிய மாதிரியில் இல்லை என்று வரும் பதிலை வைத்து யாருடைய ஊசியையும் நிறுத்தக் கூடாது. நல்ல ஆய்வகம் அதற்கு 'இல்லை' என்று எழுதாமல், மாதிரி சோதிக்கத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பும். அதைப் பார்த்து அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படுவதில் நியாயமில்லை. அது நேர்மையான பதில்.

நேரம் தப்பிவிட்ட மாட்டுக்குக் கைகொடுப்பது ஆர்.டி.பி.சி.ஆர். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புரண்ட அதே பெயர்தான். வைரஸின் மரபுப்பொருளில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சியிருந்தாலும் அதைப் பெருக்கிக் காட்டிவிடும். ஓரளவு அழுகிய மூளையிலும் வேலை செய்யும். மூளையைத் தடவிக் காயவைத்த எஃப்.டி.ஏ. அட்டை என்ற தனி வகைத் தாளில் இருந்துகூட எடுத்துப் பார்க்கலாம், ஐஸ் தேவையில்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பும் இதை முதன்மைச் சோதனைகளில் சேர்த்துவிட்டது. குறை என்னவென்றால் செலவு கூடுதல், கருவியும் கைத்திறனும் வேண்டும். பக்கத்து மாதிரியில் இருந்து ஒரு துளி தெறித்தாலும் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் எங்கோ ஒரு பி.சி.ஆர். கருவி இருக்கிறது என்பதை வைத்து அங்கே அனுப்பக் கூடாது. வெறிநோய் மாதிரியைக் கையாள்வதே வேலையாக இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும்.

ரேபிட் கிட் எனப்படும் அட்டைச் சோதனையும் சந்தையில் கிடைக்கிறது. கர்ப்பம் பார்க்கும் பட்டை போலவே கோடு விழும். கால் மணி நேரத்தில் முடிவு, மாட்டின் பக்கத்திலேயே செய்துவிடலாம் என்று ஆசை காட்டும். கோடு விழுந்தால் எல்லோரையும் அன்றைக்கே ஊசிக்கு விரட்ட அது உதவும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் தயாரிப்புக்குத் தயாரிப்பு அதன் திறன் மாறுகிறது. கோடு விழவில்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. கிட்டை நம்பி ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விடுவதைவிட கிட்டே இல்லாமல் இருப்பது மேல்.

இன்னொன்று இருக்கிறது, பலர் கேள்விப்படாதது: டி.ஆர்.ஐ.டி. ஒளிரும் சோதனையின் அதே தத்துவம்தான். ஆனால் பச்சை ஒளிக்குப் பதில் சிவப்பு நிறம் ஏறும், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். தகடு தயாரானால் ஒரு மணி நேரம் போதும். ஒளிரும் சோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் கிட்டத்தட்ட அதற்கு இணையாக நின்றிருக்கிறது. என்னைக் கேட்டால் மாவட்டத் தலைநகரிலேயே வைத்துக்கொள்ளத் தோதான சோதனை இதுதான். விலை கூடிய ஒளிர்வு மைக்ராஸ்கோப்பைச் சென்னையோடு விட்டுவிடலாம். இதற்கு வேண்டிய எதிர்ப்பொருளைத் தடையில்லாமல் வரவழைப்பதுதான் சிக்கல்.

சரி, மூளையை எடுப்பது எப்படி? முழுத்தலையை வெட்டி அனுப்புவது ஒரு வழி. ஆய்வகத்துக்கு அதுதான் வசதி. மூளைத்தண்டின் குறுக்குவெட்டு முழுவதும், சிறுமூளையும் கையில் கிடைத்தால்தான் நோய் இல்லை என்று அவர்களால் உறுதியாக எழுத முடியும். பெரிய விலங்குகளில் வைரஸ் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருப்பதும் உண்டு. ஆனால் மாட்டுத் தலைக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும், எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று பாருங்கள். வெட்டுகிறவர் மேல் தெறிக்கும் ஆபத்து தனி. பிள்ளை மாதிரி வளர்த்த மாட்டின் தலையைக் கோடாலியால் வெட்ட எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? சோதனையே வேண்டாம் என்று குடும்பங்கள் மறுப்பதற்கு, கேட்டுப் பார்த்தால், செலவைவிட இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது வழி உறிஞ்சுகுழல் முறை. மண்டையோடு கழுத்தெலும்பைச் சந்திக்கும் இடத்தில் பின்பக்கம் ஒரு பெரிய துவாரம் உண்டு. பிடரிப்பக்கம் திறந்து, அந்தத் துவாரம் வழியாகக் கண் இருக்கும் திசை நோக்கி ஒரு பிளாஸ்டிக் குழலை, இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா அளவில் இருப்பதைச் சுழற்றிச் செலுத்தினால், மூளைத்தண்டும் சிறுமூளையும் வரிசையாக உள்ளே ஏறிவரும். மண்டையைப் பிளக்க வேண்டாம். சின்ன டப்பாவில் அடங்கும், வேலையும் சீக்கிரம் முடியும். குறுக்குவெட்டு முழுதாகக் கிடைக்காது என்பதால் 'இல்லை' என்ற பதிலின் பலம் முழுத்தலையைவிட ஒரு படி குறைவுதான். இருந்தாலும் வெயிலில் சமாளிக்க முடியாத முழுத்தலையைவிட, உடனே ஐஸில் போன குழல் மாதிரியையே நான் தேர்ந்தெடுப்பேன். எந்த வழியானாலும், எடுப்பவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்ட கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். இரட்டைக் கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் வேண்டும். நாமே செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

எடுத்ததை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெரிய பங்கு பச்சையாக, ஐஸில். சின்னப் பங்கு ஃபார்மலினில். ஃபார்மலினில் போட்ட துண்டில் வழக்கமான ஒளிர்வுச் சோதனை செய்ய முடியாது, அதனால் முழுவதையும் அதில் ஊற்றிவிடக் கூடாது. ஆனால் வெறிநோய் இல்லை என்று முடிவு வந்தால், அடுத்த கேள்விக்கு அந்தச் சின்னத் துண்டுதான் உதவும். மாட்டு ஹெர்பிஸ் வைரஸின் ஐந்தாம் வகை மூளையைத் தாக்கும். செம்மறியில் நோயே காட்டாமல் இருந்துகொண்டு மாட்டுக்குத் தாவும் வைரஸால் வரும் மாலிக்னன்ட் கேட்டரல் காய்ச்சலும் தாக்கும். செம்மறிக் கிடையும் மாடும் ஒன்றாகப் படுக்கும் நம் ஊர்களில் இதை மறந்துவிடக் கூடாது. கண் வெண்மையாகப் பூத்து, மூக்கில் சளி கட்டியிருந்த மாடு என்றால் அதை மாதிரியோடு போகும் விவரத்தாளில் கட்டாயம் எழுத வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் உள்மாவட்டங்களைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் உடைத்த ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் எந்த நேரத்திலும் கிடைக்கும். மாதிரி டப்பாவை இறுக மூடி, பஞ்சு சுற்றி, இரண்டாவது டப்பாவுக்குள் வைத்து, அதைப் பெட்டியில் ஐஸ் நடுவே வைக்க வேண்டும். உருகிய தண்ணீர் டப்பாவுக்குள் போகக் கூடாது. ஒரு கண்டிப்பு: அந்தப் பெட்டி திரும்ப மீனுக்குப் போகக் கூடாது. ஐஸுக்கு வழியே இல்லை என்றால் பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்த உப்புக்கரைசலில் போட்டால் சில நாள் தாங்கும். ஆய்வகத்தில் நன்றாகக் கழுவிவிட்டு ஒளிர்வுச் சோதனையோ பி.சி.ஆரோ செய்துகொள்வார்கள்.

எங்கே அனுப்புவது? முதலில் பேச வேண்டியது மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிடம். விவரத்தாளும் கடிதமும் கால்நடை மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும். வெறிநோய், விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதால் அது எப்படியும் தேவை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சென்னை ஆய்வகங்கள் ஒரு பக்கம். பெங்களூரு ஹெப்பாலில் கால்நடைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வெறிநோய் ஆய்வகம் இன்னொரு பக்கம். அது வெறிநோய்க்காக உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்த ரெஃபரன்ஸ் ஆய்வகம். ராமநாதபுரத்தில் இருந்து இரண்டுமே ஓர் இரவுப் பயணம். வழக்கமான மாட்டுக்குச் சென்னை போதும், கடிதப் போக்குவரத்தும் எளிது. அழுகிய மாதிரி, ஒன்றோடொன்று ஒத்துவராத முடிவுகள், ஒரே ஊரில் அடுத்தடுத்துச் சாவு என்றால் பெங்களூருவைக் கேட்கலாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். தடுப்பூசியால் அதன் பெயர் நம் மக்கள் மனதில் பதிந்துவிட்டது. மாட்டு மூளைக்குக் கால்நடைத் துறை வழிதான் நேர்வழி. எங்கே அனுப்பினாலும் கிளம்பும் முன் போனில் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் அனுப்பிய பெட்டி திங்கட்கிழமை வரை வாசலில் கிடந்தால் இவ்வளவு பாடும் வீண்.

ஆக, செத்த சில மணி நேரத்தில் மருத்துவர் வந்துவிட்டால்: குழல் மாதிரி, ஐஸ், ஒளிரும் சோதனை. ஒரு பகல் தாண்டிவிட்டால்: கிளிசரின் அல்லது எஃப்.டி.ஏ. அட்டை, பி.சி.ஆர். கேட்டு எழுதிய கடிதம். இரண்டு நாள் கிடந்து புழு வைத்த மாட்டில் நான் பணத்தைப் போட மாட்டேன். பட்டவர்கள் எல்லோரும் ஊசியை முழுதாகப் போட்டு முடிப்பதே போதும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவையும் உண்டு. யார் யார் கை வைத்தார்கள் என்று பெயர் எழுதி வையுங்கள். அந்த மாட்டுப் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம், கொதியில் வைரஸ் நிற்காது. மீதிப் பாலைக் கொட்டிவிடுங்கள். உடலைத் தோல் உரிக்கவோ கறிக்கோ கொடுக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். கடலோர மணலில் சில அடியிலேயே தண்ணீர் ஊறும் என்பதால் ஊருணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேடான இடமாகப் பார்க்க வேண்டும். மேலே கருவேல முள்ளைப் பரப்பினால் நாய் தோண்டாது. முடிவு 'இருக்கிறது' என்று வந்தால், அந்த நாய் கடித்திருக்கக்கூடிய மற்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் 0, 3, 7, 14, 28 என்ற கணக்கில் ஊசி தொடங்கச் சொல்லுங்கள். இதை முடிவு வரும் முன்பே தொடங்கினாலும் தப்பில்லை.